கூறைப் புடவைக்குள் ஆர்.சி. புக்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலேயே கார் வைத்திருந்த ஒரே ஆள் அரிசி மண்டி தணிகாசலம்தான். அறுபத்தெட்டாம் வருஷத்தில் அது லேசுப்பட்ட பெருமையா? யாரோ ஓட்டி அலுத்துப்போன கறுப்புக் கார். கதவைத் திறந்தால் பெட்ரோலும் பழைய தோல் சீட்டும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே அவர் வெற்றிலை போடுவதைக்கூட விட்டிருந்தார்.

ஒரே ஒரு குறை. தள்ளினால்தான் கிளம்பும். தெருவில் தறிச் சத்தம் திடீரென்று நின்றால் தணிகாசலம் எங்கேயோ புறப்படுகிறார் என்று அர்த்தம். நெசவாளர்கள் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து தள்ளுவார்கள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் மனைவி லோகாம்பாளும் தள்ளுவாள். அவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். கேட்டால், "சொந்தக்காரன் இறங்கித் தள்ளினா வண்டிக்கு மரியாதை இல்லை" என்பார்.

கருட சேவைக்குப் போகிற வழியில், ஊரே வேடிக்கை பார்க்கத் தள்ளிக்கொண்டு போன அன்றைக்கு, காரை விற்றே ஆகவேண்டும் என்றாள் லோகாம்பாள். சொன்னதோடு நிற்கவில்லை. ஆரணியிலிருந்து கார் தரகர் வேணுகோபாலை வரச்சொல்லி ஆளும் அனுப்பிவிட்டாள்.

தணிகாசலத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. காரைப் பிரிய மனசில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு குட்டு. காரை வாங்கும்போது, அவர் ஜாதகத்துக்கு வாகனம் ஆகாது, எலும்பு முறியும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அதனால் ரேஷன் கார்டுக்கு என்று புளுகி மனைவியிடம் கையெழுத்து வாங்கி, அவள் பேரிலேயே ரிஜிஸ்தர் செய்துவிட்டார். ஆர்.சி. புக்கைப் பிரித்தால் குட்டு உடைந்துவிடும். புக் இல்லாத காரை எவனும் வாங்கவும் மாட்டான். ஆகவே அதை ஒளித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

எங்கே? டிரங்குப் பெட்டியின் அடியில், லோகாம்பாளின் கூறைப் புடவை மடிப்புக்குள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதைக் கட்டி அவர் பார்த்ததே இல்லை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஒரு மாதம் கழித்து வேணுகோபால் வந்தார். காரைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"புக்கு எங்க மொதலாளி? வண்டி வாசல்ல நிக்கறதால ஓனர் ஆயிட முடியாது. புக்குல யார் பேரு இருக்குதோ அவங்கதான் ஓனர்."

தணிகாசலம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். "அது எங்கயோ தொலைஞ்சிபூட்சிபா. தேடிக்கினே இருக்கறேன்."

"இந்தாங்க" என்று லோகாம்பாள் இடுப்பிலிருந்து புக்கை எடுத்தாள்.

அவர் திரும்பி டிரங்குப் பெட்டி இருந்த அறையைப் பார்த்தார்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தபா பட்டுப்புடவையை எடுத்து மடிப்பு மாத்தலைன்னா ஜரிகை முறிஞ்சிபூடும். காஞ்சிபுரத்துல பொறந்துட்டு இதுகூடவா தெரியாது? நான் படிச்ச எட்டாங்கிளாஸ் இங்கிலீஷுக்கு என் பேரைப் படிக்கத் தெரியும்ங்க" என்றாள்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் தேவகி பிறக்கிற சமயம் லோகாம்பாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது இந்தக் காரில்தான் என்றார். அன்றைக்கு ஒரு நாள்தான் அது தள்ளாமலே கிளம்பியது என்றார். "விக்காதே லோகா" என்றார்.

லோகாம்பாள் காரின் பின் கதவைத் திறந்து பார்த்தாள். வலியில் தான் கெட்டியாகப் பிடித்திருந்த அந்தப் பின் சீட்டு அவளுக்கும் மறக்கவில்லை. விற்கவில்லை என்று வேணுகோபாலிடம் சொல்லிவிட்டாள். இவ்வளவு தூரம் வந்தவர் ஏகாம்பரநாதர் கோயில் வரை ஒரு சுற்று ஓட்டிக் காட்டட்டும் என்று பின் சீட்டில் ஏறி அமர்ந்தாள்.

வேணுகோபால் சாவியைத் திருகினார். கார் ரெண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. வெளியே நின்ற தணிகாசலம், இறங்கித் தள்ளு என்பதுபோல வழக்கப்படி மனைவியைப் பார்த்தார்.

லோகாம்பாள் அசையவில்லை. புக்கை மடியில் வைத்துக்கொண்டு, "சொந்தக்காரங்க இறங்கித் தள்ளினா வண்டிக்கு மரியாதை இல்லைங்க" என்றாள்.

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்பக்கம் போனார்.