போய் குலச் சங்கமும் எட்டாம் எண் காட்சிப்பொருளும்

கடல் கடந்து வந்த மனிதனைக் கடைசிவரை மனிதனாகவே வைத்திருந்தது கப்பலுமல்ல, கவர்னருமல்ல, குலச் சங்கம்தான். அந்தச் சங்கங்களிலும், 'போய்' என்ற குடும்பப் பெயர் கொண்ட சீனருக்காகத் தஞ்சோங் லாலாங் துறைமுகத்தில் எழுந்த போய் குலச் சங்கம் ஒரு சிகரம். சீனத்திலிருந்து வந்திறங்கிய எந்தப் போயும் முதல் இரவில் தெருவில் படுத்ததில்லை என்று அதன் வாசல் பலகையில் சீனத்தில், பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறது. நிர்வாகிகள் அந்தப் பலகையின் கீழே நடக்கும்போதெல்லாம் பக்தியோடு தலை குனிவார்கள்.

இப்பேர்ப்பட்ட சங்கத்தின் கௌரவச் செயலாளர் போய் தேக் ஹின்னுக்கு, ஒரு தலையணையில் விழுந்த பள்ளம் புரியவில்லை.

தலையணை இருந்தது மாடியில், அந்தக் காலத்தில் புதிதாய் வந்தவர்களைத் தங்கவைத்த கூடத்தில். அதை இப்போது 'பாரம்பரியக் காட்சிக்கூடம்' ஆக்கியிருந்தார்கள். பழைய கட்டில்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மற்றவை ஒரு காப்பிக் கடைக்கு மேசைகளாகப் போய்விட்டன. எஞ்சிய கட்டில், காட்சிப்பொருள் வரிசையில் ஏழாம் எண். சுற்றிலும் சிவப்புக் கயிறு. 'தொடாதீர்' என்று மூன்று மொழிகளில் அறிவிப்பு. அதன் மேல் பாய், போர்வை, தலையணை. தேக் ஹின் மாலையில் தலையணையைத் தட்டி உப்பவைத்துவிட்டுப் போவார். காலையில் வந்தால் நடுவில் பள்ளம்.

தேக் ஹின் வேலையிலிருந்தபோது லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். காரணமில்லாமல் எதுவும் கீழே இறங்காது என்பது அவர் கொள்கை. தலையணையைப் பிரித்துப் பஞ்சைப் பார்த்தார். ஈரமில்லை. பூனையோ என்று கட்டிலைச் சுற்றி மாவு தூவினார். காலையில் மாவைப் பெருக்கி, மூலையில் அழகாகக் குவித்து வைத்திருந்தது. பெருக்கத் தெரிந்த பூனையை அவர் அதுவரை சந்தித்ததில்லை.

விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போனது. அரசு தந்த 'டத்தோ' பட்டத்தைப் பெயருக்கு முன்னால் சுமக்கும் தலைவர், டத்தோ போய் செங் லாம், கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தார்.

"மூதாதையர்தான்" என்றார். "கூடம் அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. வந்து படுக்கறாங்க."

"மூதாதையர் ஏன் பெருக்கணும், டத்தோ?" என்றார் மகளிர் பிரிவின் கெய்க் லூய்.

"அந்தக் காலத்து மனுஷங்க சுத்தபத்தமா இருந்தாங்க, லூய். உன்ன மாதிரியா?"

மூதாதையருக்கு நன்றி தெரிவித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கட்டிலருகே ஊதுவத்தியும் ஒரு தட்டுப் பன்றி வறுவலும் வைத்தார்கள். மறுநாள் வறுவலைக் காணோம். மிளகாய்ச் சாந்துக் கிண்ணமும் காலி. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. டத்தோவின் கண் கலங்கியது. இளைஞர் அணித் தலைவர், அறுபத்தொரு வயது, தட்டை விழுந்து கும்பிட்டார்.

தேக் ஹின் மட்டும் நம்பாமல், அடுத்த நாள் விடிந்ததும் கிளம்பி வந்தார். மூதாதையர் பனியன் போட்டுக்கொண்டு போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா நீ?"

"கீழ டைல் போட்டவன், ஐயா. பின்கதவுத் தாழ்ப்பாள் சரியா விழாது, அது எனக்குத் தெரியும்." அவனுக்கு முப்பது வயதிருக்கும். கை நகங்களில் இன்னும் சிமெண்டு. "வேலை முடிஞ்சதும் எங்க கொட்டாயப் பூட்டிட்டாங்க. அடுத்த வேலை சீனப் புத்தாண்டு கழிச்சுத்தான். அதுவரைக்கும் போக இடமில்ல."

"அதுக்குன்னு இங்கயா வந்து படுப்ப?"

"வாசல்ல எழுதியிருக்கே, ஐயா. நம்ம குலத்தான் வந்தா படுக்க இடம் உண்டுன்னு."

அவன் பெயர் மெய் குவோலியாங்.

அன்றே அவசரக் கூட்டம். மறுநாள் காட்சிக்கூடத் திறப்பு விழா; மாநில அரசிலிருந்து பெரிய விருந்தாளி வருகிறார். குவோலியாங்கை நடுவில் நிற்கவைத்தார்கள். டத்தோ அவனுடைய பாஸ்போர்ட்டைத் தூர வைத்துப் படித்தார்.

"மெய்னு போட்டிருக்கு. இது போய் குலச் சங்கம் லா. மெய்க்கெல்லாம் இங்க இடமில்ல."

"ரெண்டும் ஒரே எழுத்துதான்" என்றான் குவோலியாங். "ஊர்ல மெய்னு படிக்கறோம். நீங்க இங்க போய்னு படிக்கறீங்க. அதோ, பலகையில இருக்கே."

எல்லோரும் ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்தார்கள்.

"சரி, அதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சுக் காட்டுங்க" என்றார் கெய்க் லூய்.

கூட்டம் மூக்குக்கண்ணாடியைத் தேடியது. அனைவரும் பாதிரிமார் நடத்திய பள்ளிகளில் படித்துத் தேறிய கல்விமான்கள். சொந்தப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். சீனத்தில் ஒரு விதமாகக்கூடத் தெரியாது.

"படிக்க வேண்டிய அவசியமில்ல" என்றார் டத்தோ. "அது நம்ம ரத்தத்துல இருக்கு."

கூட்டத்துக்கு ரொட்டி கொண்டுவந்திருந்த பக்கத்துக் கடைச் செல்லையா வாயைப் பொத்திக்கொண்டார். "போயும் மெய்யும் ஒண்ணா!" என்று தமிழில் தனக்குள் சொல்லிச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று யாருக்கும் புரியவில்லை.

டத்தோ விதிப் பக்கம் வந்தார். "சேரணும்னா உன்னத் தெரிஞ்ச ஒரு உறுப்பினர் கையெழுத்துப் போடணும். இங்க உனக்கு யாரைத் தெரியும்?"

"உங்களத் தெரியும்" என்றான் குவோலியாங்.

"என்னையா?"

"போன வருஷம் எங்க ஊருக்கு வந்தீங்களே, வேர் தேடுற பயணம்னு. ஊரே பன்னி வெட்டி விருந்து வச்சுது. உங்க பெட்டிய நான்தான் தூக்கினேன். ஓட்டல்ல கொசு கடிக்குதுன்னு எங்க வீட்டுக்கு வந்துட்டீங்க. எங்கம்மா கட்டில்லதான் படுத்தீங்க. அவங்க கீழ படுத்தாங்க."

"ஆமா, டத்தோ" என்றார் கெய்க் லூய். "அங்க உங்க பாஸ்போர்ட்டக் கேட்டாங்களா?"

டத்தோ இருமினார். "அது அதிகாரபூர்வப் பயணம். இது வேற. இன்னிக்கு ஒருத்தனச் சேத்தா, நாளைக்கு பஸ் நிறைய வருவாங்க."

"அதுக்குத்தானே சங்கம் கட்டினாங்க?"

"அது அப்போ, லூய்."

இறுதியில் சங்கம் தன் பாரம்பரியப் பெருந்தன்மையைக் காட்டியது. குவோலியாங்கின் கோரிக்கையைக் 'கனிவுடன் பரிசீலிக்க' ஒரு துணைக்குழு. அது புத்தாண்டு கழித்துக் கூடும். அதுவரை உறுப்பினரல்லாத எவரும் கட்டடத்தில் தங்கக் கூடாது என்பதால், அவன் சாயங்காலத்துக்குள் போய்விட வேண்டும். குவோலியாங் பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடம் விடைபெறுவது என்று தெரியாமல் பலகைக்கு ஒரு கும்பிடு போட்டான்.

தேக் ஹின்னுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவருக்குக் கத்தத் தெரியாது. ஓடாத லிஃப்டை உதைப்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். லிஃப்ட் உதைக்குப் பயப்படாது. அதற்குள் பல சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். எல்லாம் மூடினால்தான் மின்சாரம் பாயும். எங்கோ ஒன்று திறந்திருந்தால் பெட்டி நின்றுவிடும். எது திறந்திருக்கிறது என்று பொறுமையாகத் தேட வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கூட்டத்திலும் அப்படி ஒன்று இருக்கத்தான் வேண்டும். அவர் ஒவ்வொரு விதியாக மனத்துக்குள் விரலால் தட்டிப் பார்த்தார்.

"டத்தோ, ஒரு சின்ன விஷயம் பாக்கி" என்றார். "எட்டாம் எண் காட்சிப்பொருள். கட்டில்ல படுக்கவைக்க வாங்கின பொம்மை."

எல்லோரும் முனகினார்கள். துணிக்கடைப் பொம்மை அது. செம்பட்டை முடி. கால் கட்டிலுக்கு வெளியே நீட்டியது. ஒரு கை டாக்ஸியைக் கூப்பிடுவதுபோல் தூக்கியே இருந்தது. அதை நேற்றே திருப்பி அனுப்பியாயிற்று.

"எட்டாம் எண் காலியா இருக்கு. நாளைக்கு விருந்தாளி வெறும் கட்டிலத்தான் பாக்கணும். அதுக்குப் பதிலா எனக்கு வேற ஒண்ணு கிடைச்சிருக்கு. 'புதிதாய் வந்தவர், அசல்.' அளவு சரியா இருக்கு. ஊரும் நம்ம மூதாதையர் ஊர்."

அவர் கை குவோலியாங்கைக் காட்டியது.

டத்தோ குவோலியாங்கை மேலும் கீழும் பார்த்தார். முதல்முறையாக ஆர்வத்தோடு பார்த்தார். "மூச்சு விடுவானே?"

"உயர்ந்த தரம், டத்தோ."

"சாப்பாடு?"

"பராமரிப்புல வந்துரும்."

"கூட்டம் சேரும் லா!" என்றார் இளைஞர் அணித் தலைவர். "வேற எந்தச் சங்கத்துலயும் இப்படி ஒண்ணு கிடையாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பலத்த கைதட்டல். குவோலியாங் தேக் ஹின்னின் சட்டையை மெல்ல இழுத்தான்.

"நான் என்ன செய்யணும், ஐயா?"

"படுத்திருக்கணும்."

"தூங்கிட்டா?"

"இன்னும் நல்லது."

மறுநாள் விழா கோலாகலமாக நடந்தது. சிங்க நடனம் மாடிப்படி வரை வந்தது. விருந்தாளி சிவப்புக் கயிற்றின் முன்னே நீண்ட நேரம் நின்றார். கட்டிலில் குவோலியாங் உண்மையாகவே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"முகத்துல அந்தக் களைப்பு இருக்கு பாருங்க" என்றார் விருந்தாளி. "அதை எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"அதுக்கு நாங்க ரொம்பப் பாடுபட்டோம்" என்றார் டத்தோ, உண்மையைப் பேசுகிறோம் என்பது தெரியாமலே. பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்து, நம் குலத்தான் எவனையும் இந்தச் சங்கம் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதில்லை என்று முழங்கினார். கட்டிலிலிருந்து ஒரு குறட்டை வந்தது. அதையும் ஏற்பாட்டில் ஒன்றென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

எல்லோரும் விருந்துக்குக் கீழே இறங்கிய பிறகு, கெய்க் லூய் ஒரு கிண்ணம் கஞ்சியோடு மாடிக்கு வந்தார். தேக் ஹின் கட்டில் காலில், ஏழாம் எண்ணுக்குப் பக்கத்திலேயே, குவோலியாங்குக்கான எட்டாம் எண் அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"தேக் ஹின் அண்ணே, இது புத்தாண்டு வரைக்கும் தாங்குமா? டத்தோவுக்கு நாளைக்கே மனசு மாறினா?"

"மாறினாலும் ஒண்ணும் பண்ண முடியாது, லூய்." தேக் ஹின் அட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினார். "எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன் கேளு. உறுப்பினர் இல்லாதவன வெளிய அனுப்ப விதி இருக்கு. உறுப்பினரையே நீக்கவும் விதி இருக்கு. காட்சிப்பொருளுக்கு ஒரே விதிதான்: திருட்டுக்குப் பயந்து நம்மாளுங்களே போட்டது. எண் ஒட்டின எதையும் இந்தக் கட்டடத்த விட்டு வெளிய எடுக்கக் கூடாது. அது கெடாம இருக்க கூரை ஒழுகக் கூடாது, காத்தோட்டம் வேணும், தினமும் ஒருத்தர் வந்து நல்லா இருக்கான்னு பாக்கணும்."

ஆக, வழி இதுதான். போய் குலச் சங்கத்தில் ஒரு போய்க்குப் படுக்க இடம் வேண்டுமென்றால், அவன் மனிதனாக வரக் கூடாது. பொருளாக வர வேண்டும்.