உத்தரத்தில் நடந்த நடுக்கம் அண்ணாச்சி

பயந்த மனிதர்களுக்கென்று அகில இந்திய அளவில் ஒரு சங்கம் ஆரம்பித்தால் அதற்குத் தலைவர் பதவி நடுக்கம் அண்ணாச்சிக்குத்தான். போட்டியே இருக்காது. தேர்தல் என்று கேட்டதும் அவர் பயந்துபோய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார் என்பது வேறு விஷயம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு குடோனில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். அண்ணாச்சி அங்கே பகல் வாட்ச்மேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, தொளதொளவென்று காக்கிச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். முதலாளியே மலையாளத்தில் "நடுக்கம் எவிடே?" என்று கேட்க ஆரம்பித்த பிறகு அந்தப் பெயருக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

எங்கள் சரக்கைக் காக்க வந்தவர் எலியைக் கண்டால் ஸ்டூல்மேல் ஏறிவிடுவார். ஏறிய பிறகு கீழே பார்த்துத் தலைசுற்றி, இறக்கிவிட ஆள் கூப்பிடுவார். தென்னை மரத்தடியில் போகும்போது இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு போவார். ஆட்டோவில் ஏற மாட்டார். "மூணே மூணு சக்கரம். அதுல ஒண்ணு மக்கர் பண்ணுனா மிச்சம் என்ன இருக்கு சார்?" என்பார்.

இத்தனைக்கும் அவர் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. அதுதான் அவரிடம் இருந்த விசித்திரம். வெலிங்டன் தீவில் அவர் ஊர்க்காரர் ஒருவர் வாதம் வந்து படுத்துக் கிடந்தார். பார்க்க வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணாச்சி படகேறி அங்கே போவார். ஏறுமுன் படகுத்துறையில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி ஜெபம் சொல்வார்: "ஆண்டவரே, நான் பயப்படுதேன். நீரும் கூட வாரும்." அவ்வளவுதான் ஜெபம். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அக்கரை சேருவார். ஒரு தடவை அவர் பிடித்தது ஒரு போலீஸ்காரரின் பெல்ட்.

அதே ஜெபத்தைத்தான் தெருநாய்க்கும் சொல்வார், இடிக்கும் சொல்வார், முதலாளியிடம் லீவு கேட்கப் போகும்போதும் சொல்வார். சுமட்டுக்காரர் பைலி சேட்டனுக்கு இது தினசரி வேடிக்கை. இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குகிற ஆள் அவர். தோளும் கழுத்தும் ஒன்றாகவே இருக்கும். "அண்ணாச்சி, தெய்வம் கூட உண்டெங்கில் பின்னெந்தினா பேடி?" என்று கேட்பார். தெய்வம் கூட இருந்தால் பயம் எதற்கு என்று. அண்ணாச்சி பதில் சொல்ல மாட்டார். பைலி சேட்டனின் மீசையைப் பார்த்தாலும் அவருக்குப் பயம்.

அந்த வருஷம் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் பெய்தது. எங்கள் குடோன் பழைய கட்டடம். மரத்தளம் போட்ட மாடியில் பெண்கள் உட்கார்ந்து சுக்கு தரம் பிரிப்பார்கள். ஒரு மத்தியானம் எல்லாரும் சாயா குடிக்க வாசல் கடைக்கு இறங்கி வந்தார்கள். செல்வி மட்டும் கையில் இருந்த கூடையை முடித்துவிட்டு வருகிறேன் என்று மேலேயே இருந்தாள். சுள்ளிக்கல்லில் இருந்து வருகிற பெண். அவள் தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம்.

முதலில் கூரை ஓடு சரிகிற சத்தம். அப்புறம் லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். மாடித் தளத்தின் நடுப்பாகம் மரப்படியையும் இழுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டது. தூசி அடங்கியதும் பார்த்தோம். மாடியின் கோடியில், காயல் பக்கத்துச் சுவரோரம் மிஞ்சியிருந்த பாய் அகலத் தளத்தில் செல்வி ஒண்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. கீழே ஆணி நீட்டிய பலகைகள். சுவர் நனைந்து உப்பிக் கிடந்தது.

பக்கத்து குடோன் மாடியிலிருந்து எங்கள் மாடிக்கு ஒரு கதவு உண்டு. ஓடிப்போய்த் திறந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் தரை இல்லை. ஒரே ஒரு மர உத்தரம் மட்டும் செல்வி இருந்த மூலை வரைக்கும் நீண்டு கிடந்தது.

பைலி சேட்டன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலை வைத்தார். உத்தரம் முனகியது. சுவரிலிருந்து காரை கொட்டியது. அவர் எடைக்கு அது தாங்காது. வெளிறிப்போய்க் காலை எடுத்துக்கொண்டார். நானும் அவரும் மற்றவர்களும் கதவோரம் நின்று கத்தினோம். "செல்வி, பேடிக்கண்டா. பயப்படாதே. உத்தரத்தப் பிடிச்சுட்டு வா." நாங்கள் பயப்படாதே என்று சொல்லச் சொல்ல அவள் இன்னும் சுருண்டுகொண்டாள். தீயணைப்பு வண்டி லாரி நெரிசலில் தெருமுனையிலேயே நின்றுவிட்டது என்று கீழேயிருந்து யாரோ சொன்னார்கள்.

அப்போது என் பின்னால் அந்த ஜெபம் கேட்டது.

திரும்பினேன். ஸ்டூலில் ஏறினால் தலைசுற்றுகிற மனிதர் மாடிக்கு வந்திருந்தார். "நீங்க எங்க அண்ணாச்சி வர்றீங்க, போங்க" என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக் கீழே உட்கார்ந்தார். குதிரைமேல் உட்காருகிற மாதிரி உத்தரத்தின் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டார். அப்படியே கையை ஊன்றி ஊன்றி நகர ஆரம்பித்தார்.

நான் பார்த்துச் சிரித்துப் பழகிய அத்தனை பயமும் அவர் உடம்பில் இருந்தது. முதுகு நடுங்கியது. பல் தந்தியடிப்பது கதவு வரை கேட்டது. ஆனால் உடம்பு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

செல்வி அழுதாள். "வராதீங்க அண்ணாச்சி. எனக்குப் பேடியாவுது."

"எனக்குந்தாம்மா. கையப் பாரு."

அவர் தூக்கிக் காட்டிய கை காற்றில் ஆடியது. செல்வி அந்தக் கையையே பார்த்தாள். "பின்னே எதுக்கு வந்தீங்க?"

"நீ தனியா உக்காந்து பயப்படுதியே. அதான்."

அவள் அழுகை கொஞ்சம் நின்றது. அவர் தொடர்ந்தார். "பயம் போன பொறவு கெளம்பலாம்னா ரெண்டு பேரும் இங்கதான் கெடக்கணும். அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ என் மூஞ்சிய மட்டும் பாத்துட்டு வா."

"உங்க சாமியக் கூப்பிடுங்க அண்ணாச்சி."

"கூப்புட்டாச்சி. உனக்கும் சேத்துத்தான்."

அவள் அவருக்கு எதிரே உத்தரத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இனி அவர் பின்பக்கமாகத்தான் வர வேண்டும். முன்னால் பார்த்துக்கொண்டே தெருவில் நடக்கப் பயப்படுகிறவர், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அந்தரத்தில் நகர்ந்து வந்தார். பாதி வழியில் இரண்டு ஓடுகள் அவர்களை உரசிக்கொண்டு விழுந்தன. உத்தரம் ஒரு குலுக்கு குலுக்கியது. அண்ணாச்சி கண்ணை மூடினார். மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் வாய் முணுமுணுத்தது. கண்ணைத் திறந்தார். "வா தாயி" என்றார். மறுபடி நகர்ந்தார்.

கைக்கு எட்டியதும் பைலி சேட்டன் இரண்டு பேரையும் சேர்த்து மூட்டையைப் போல இழுத்துப் போட்டார். நாங்கள் பக்கத்து குடோனின் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சுவர் விழுந்தது. உத்தரமும் போயிற்று.

சாயாக் கடை பெஞ்சில் அண்ணாச்சியை உட்கார வைத்தோம். கிளாஸைப் பிடிக்க முடியாமல் பாதிச் சாயா சட்டையில் கொட்டியது. பைலி சேட்டன் தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்துவிட்டார். "இப்போ பேடி போயோ அண்ணாச்சி?"

"எங்க போவும்? இங்கனதான் இருக்கு" என்றார் அவர். பிறகு, தெய்வம் கூட இருந்தால் பயம் எதற்கு என்று சேட்டன் எத்தனையோ நாளாகக் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னார். "பயப்படாதேன்னு ஆண்டவர் யார்ட்ட சொல்லுவாரு சேட்டா? பயந்தவன்ட்டதானே. பயமே இல்லாதவனுக்கு அவர் எதுக்கு மெனக்கெட்டு வரணும்?"

பைலி சேட்டன் துண்டைப் பிழிந்துவிட்டு அவருக்கு இன்னொரு சாயா சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவரைச் சர்ச்சில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நான் சபரிமலைக்கு மாலை போடுகிறவன். ஆனாலும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன், செல்வியும் வந்திருந்தாள். அண்ணாச்சி மைக்கைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு, "நான் பயந்தேன். அவர் கூட வந்தாரு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டார். மலையாளத்தில் மொழிபெயர்க்க எழுந்த ஆள் அப்படியே நின்றார். அர்த்தம் என்னவென்று யாரும் கேட்கவும் இல்லை.

போன மாதம் எனக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன். விஷயம் தெரிந்து அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருந்து வாசனையிலேயே முகம் வேர்த்துவிட்டது. என் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வந்த நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆர்க்கா ஆபரேஷன்?" என்று கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் யாருக்கும் வரும்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அதே இடத்தில்தான் இருந்தார். "முழிச்சிட்டீயளா சார்? ரொம்பப் பயந்துட்டேன்" என்றார்.

"நானும்தான் அண்ணாச்சி" என்றேன்.

மனைவி, மக்கள், டாக்டர், எல்லாரிடமும் தைரியமாகப் பேசியிருந்தேன். பயந்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இந்த ஊரில் அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?