கவிப்பிரியா சொன்ன ரிலேஷனும் ஃபங்ஷனும்

மதிப்புக்குரிய பள்ளிப்பட்டு பாவா தங்கவேல் அவர்களுக்கு,

திருத்தணியிலிருந்து மைத்துனன் வீராசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் பிரேமாவும் உயிரோடு இருக்கிறோம். பாஞ்சாலி அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். முழுக்கப் படிக்கவும்.

உங்க மகன் அருண்பாண்டியனுக்கும் என் மகள் கவிப்பிரியாவுக்கும் நிச்சயதார்த்தம் வைக்க மலையடிவார மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக வீடு திரும்பினேன். செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் போனில் பேசிக்கினு இருந்தாள். "எல்லா ஃபங்ஷனும் ரிலேஷன்தான். ஆனா எல்லா ரிலேஷனும் ஃபங்ஷன் ஆவாது. ஒருத்தருக்கு ரெண்டு ஜோடி இருந்தா அங்கயே ஃபங்ஷன் கேன்சல்" என்றாள். ரிலேஷன் என்றால் நீங்க, ஃபங்ஷன் என்றால் நிச்சயதார்த்தம், அப்போ ரெண்டாவது ஜோடி யாரு? அதோடு விட்டாளா? மூணு பேர் ஒருத்தர்கிட்ட போனா தப்பே இல்லியாம், ஒருத்தர் மூணு பேர்கிட்ட போனாதான் தப்பாம்! ஒரு செருப்போடவே மண்டபத்துக்கு ஓடினேன் பாவா. மண்டபத்தை வேணான்னுட்டேன். சமையலுக்குப் பேசின விஸ்வேஸ்வரன் காரணம் கேட்டார். பொண்ணு சொன்னதை அப்படியே சொன்னேன், அவரு கன்னத்துல போட்டுக்கினு முருகா முருகான்னு உள்ளே போயிட்டார்.

திரும்பி வந்து பார்த்தா, நான் ஓடின வேகத்தைப் பார்த்துட்டு பிரேமா அழுதுகினு இருந்தா. விஷயத்தைச் சொன்னதும் நேரா பொண்ணுகிட்ட போயி, யாருடி அந்த ரெண்டாவது ஆளுன்னு கேட்டுட்டா. கவிப்பிரியா முழிச்சா. அப்புறம் தரையில உக்காந்து சிரிச்சா. அவ ஆர்.கே.பேட்டை ஸ்கூல்ல கணக்கு டீச்சர் இல்லையா, பரீட்சைக்குப் பிள்ளைங்களுக்குப் போன்ல பாடம் நடத்தினாளாம்.

"நைனா, கணக்குல எதை எதோட சேர்த்தாலும் ரிலேஷன். ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணே ஒண்ணு மட்டும் ஜோடியா இருந்தாதான் ஃபங்ஷன். ஒரு பெஞ்சில மூணு பிள்ளைங்க உக்காரலாம், ஒரு பிள்ளை மூணு பெஞ்சில உக்கார முடியுமா?"

முடியாதுதான். வெள்ளைக்காரன் கணக்குக்கு வேற வார்த்தையே கெடைக்காம நம்ம குடும்ப வார்த்தைங்களை எடுத்துக்கினான் போல. மறுபடி ஓடிப்போய், கெஞ்சி மண்டபத்தை வாங்கிட்டேன். ஆகவே ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை தட்டு வரிசையோடு அனைவரும் வந்து சேரவும். அக்காவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. திருத்தணியான் துணையிருப்பான்.

தங்கள் மைத்துனன்,
வீராசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி, கணக்கு சரியா எழுதியிருக்கேனான்னு கவிப்பிரியாகிட்ட படிச்சுக் காட்டினேன். கணக்கு சரிதானாம். ஆனா சொந்தத்துல கட்டிக்க அவளுக்கு இஷ்டம் இல்லியாம், நான் மண்டபத்தை விட்டுட்டு வந்தப்ப நிம்மதியா இருந்துச்சாம். அருண்பாண்டியன் என்ன நெனைப்பான்னு பதறிக் கேட்டேன். அவனுக்கும் இஷ்டம் இல்லியாம், உங்ககிட்ட சொல்லத்தான் பயமாம். பாவா, அவனைத் திட்டாதீங்க, பக்கத்துல உக்கார வெச்சு ஒரு வார்த்தை கேளுங்க. ஆமா, இஷ்டம் இல்லன்னு சொன்னான்னா எனக்கு நீங்களே போன் பண்ணுங்க, நான் மறுபடி மண்டபத்துக்கு ஓடணும்.