பச்சைப் புள்ளி பொய் சொல்லாது

ஒரு காட்டில், மலைமேல் விளைந்ததைச் சுமந்துகொண்டு ராஜா குகைக்கு வரும் கழுதை ஒன்று இருந்தது. பேர் பொதியப்பன். கூடவே சுமை தூக்கும் எருதுக்குப் பேர் சிவனாண்டி. இரண்டும் எப்போது கிளம்பும், எப்போது வந்து சேரும் என்று யாரும் கேட்டதில்லை. வரும்போது வரும்.

அந்தக் காட்டு ராஜா கர்ச்சனன் என்ற சிங்கம், மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்தது. பலாப்பழமும் தேனும் இல்லாத பந்தியில் சம்பந்தி வீட்டார் உட்கார மாட்டார்களாம். சிங்கம் பலாப்பழம் தின்னுமா என்று கேட்காதீர்கள். சம்பந்தி ஆகிவிட்டால் எதுவும் தின்னும்.

"சரக்கு ஒழுங்கா வந்து சேருமா?" என்று ராஜா கவலைப்பட்டது.

மந்திரி வாகீசன் ஒரு நரி. "கவலையை விடுங்க ராஜா. மலை உச்சியில ஃபைவ் ஜி டவர் நட்டாச்சு. சரக்குல ஒரு சிப்பை ஒட்டிட்டா, அது எங்க வருதுன்னு உங்க போன்ல பச்சைப் புள்ளி காட்டும். கண்ணு பொய் சொன்னாலும் சொல்லும், புள்ளி சொல்லாது."

அன்று பொதியப்பன் முதுகில் பலாப்பழம். சிவனாண்டி கழுத்தில் தேன் சட்டி. இரண்டிலும் ஆளுக்கொரு சிப். பாதி இறக்கத்தில், வெயிலுக்குப் பலாப்பழம் வெடித்தது. அந்த வாசனை கழுதையின் காதைப் பிடித்துத் திருகியது.

'ஒரே ஒரு சுளை' என்று நினைத்துத்தான் பொதியப்பன் ஆரம்பித்தது. ஆனால் சுளைக்குப் பிறகு கொட்டை, கொட்டைக்குப் பிறகு தோல் என்று எல்லாம் உள்ளே போனது. தோலோடு சிப்பும் போனது.

"அடப்பாவி! ராஜா உன் தோலை உரிச்சுடுமே!" என்றது சிவனாண்டி.

"பசிச்சுது அண்ணே," என்று பொதியப்பன் ஏப்பம் விட்டது. அப்புறம்தான் அதற்குப் பயம் வந்தது.

வழியில் முதலை மடு. சிவனாண்டி குனிந்து தண்ணீர் குடித்தது. தேன் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சட்டியில் ஒட்டியிருந்த சிப் மட்டும் கழன்று மடுவில் விழுந்தது. அதை யார் கவனித்தார்கள்?

குகை வாசலில் ராஜா போனைப் பார்த்துக் குதித்தது. "பலாப்பழம் வந்தாச்சு!" நிமிர்ந்தால் வெறும் கழுதை. போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தது. புள்ளி சரியாகப் பொதியப்பன் வயிற்றில் மினுங்கியது.

"ஓஹோ! பார்சலைப் பிரிச்சுட வேண்டியதுதான்," என்று ராஜா நகத்தைத் தீட்டியது. பொதியப்பன் சிவனாண்டிக்குப் பின்னால் போய் ஒண்டியது.

பிரித்தால் உள்ளே பழம் இருக்காது. புள்ளி பொய்யாகிவிடும், டவர் நட்ட மந்திரி மானம் போய்விடும். நரி நடுவில் பாய்ந்தது.

"ஐயோ ராஜா, பிரிச்சா சரக்கு கெட்டுடும்! இது கோடவுன்!"

"கோடவுனா?"

"நாலு கால் கோடவுன். வெயில் படாது, ஈ மொய்க்காது. தானே நடந்து வரும். புள்ளியைப் பாருங்க, சரக்கு பத்திரம்."

ராஜா பார்த்தது. பச்சை. உடனே பொதியப்பன் வாலில் ரிப்பன் கட்டி, ரிப்பனைத் தானே வெட்டித் திறப்பு விழா நடத்தியது.

"தேன் எங்கே?" என்றது அடுத்து.

"இதோ ராஜா," என்று சிவனாண்டி சட்டியை இறக்கி வைத்தது.

"பொய்! தேன் முதலை மடுவுக்குள்ள இருக்குன்னு போன் சொல்லுது. தள்ளிவிட்டுட்டு வந்து நடிக்கிறியா? போய் முங்கி எடுத்துட்டு வா!"

பொதியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "ராஜா, தேன் உங்க காலடியிலேயே..."

"உஷ்! கோடவுன் பேசக் கூடாது," என்றது நரி.

சிவனாண்டி மடுவைப் பார்த்து நடந்தது.

நரி சட்டியை மோந்து பார்த்தது. "ராஜா, போன்படி இங்க தேன் இல்லை. இல்லாத தேனை நக்கினா தப்பா?"

"இல்லாததுல என்ன தப்பு?" என்றது ராஜா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நரி சட்டிக்குள் மூஞ்சியை விட்டது.

நீதி: சரக்கை விழுங்கினாலும் விழுங்கு, சிப்பை மட்டும் தொலைக்காதே.