டெஸ்ட் டிரைவுக்கு வந்த கிடா

எங்கள் குலசாமி கோயிலில் கிடா வெட்டுவதற்கு முன் அதன் தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டு, அது உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருப்பார்கள். சிலிர்த்தால் சம்மதம் என்று பொருள். பெரும்பாலான கிடாக்கள் உடனே பதில் சொல்லிவிடும். உயிர் போகிற விஷயத்தில் ஓர் ஆடே அவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்கிறது. ஒரு கார் வாங்க எனக்கு ஏழு மாதம் ஆனது. (இந்த ஒப்பீடு என்னுடையதல்ல, என் கணவர் சரவணனுடையது. அவர் இதைச் சொல்லாத கல்யாண வீடு திண்டுக்கல் வட்டாரத்தில் இல்லை.)

நான் வத்தலக்குண்டில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் மகள் இனியா அதே பள்ளியில் எல்.கே.ஜி. தினமும் காலையில் திண்டுக்கல்லில் பஸ் ஏறுவோம். செம்பட்டி வருவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிடும். டீசல் வாடைதான் காரணம் என்று நாங்கள் கண்டுபிடிக்கவே பல நாளாயிற்று. வளர வளரச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆனால் பிள்ளை வளர்வதற்குச் சாப்பிட வேண்டுமே? ஒருநாள் காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எதுக்கும்மா? செம்பட்டில வெளிய வந்துரும்ல?" என்று ரொம்ப நியாயமாகக் கேட்டாள்.

அன்றே சொன்னேன், டீசலே இல்லாத மின்சாரக் கார் வாங்கியாக வேண்டும் என்று. சரவணன் சந்தோஷமாகத் தலையாட்டினார். அடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "புதுசா, பழசா?"

அங்கே நின்றுபோனேன்.

புதுசு என்றால் விலை பயமுறுத்தியது. பழசு என்றால் பேட்டரி பயமுறுத்தியது. இன்னொருவர் வீட்டில் என்ன பாடுபட்டதோ! பழனி ரோட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இரண்டு வருடம் ஓட்டிய மின்சாரக் காரை விற்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். தினமும் முழுசாகச் சார்ஜ் ஏற்றினீர்களா, சுத்தமாக இறங்கவிட்டீர்களா, வெயிலில் நிறுத்தினீர்களா, எதற்காக விற்கிறீர்கள், உண்மையாகவே எதற்காக விற்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்றாவது முறை போனபோது அந்தப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஏம்மா, எம்பொண்ணக் கட்டிக் குடுத்தப்பக்கூட மாப்பிள்ளையப் பத்தி நான் இம்புட்டு விசாரிக்கல."

இதற்கிடையே என் நாத்தனார் வீட்டுக்காரர் தன்னுடைய பழைய டீசல் காரை எங்கள் தலையில் கட்டக் காத்திருந்தார். பொறுமையிழந்த சரவணன் கெடு வைத்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ சொல்லலைன்னா அந்தக் காரே வந்துரும், மீனா." டீசல் வாடைக்குத் தப்பி ஓடி, டீசலையே வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதா? வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, புதுக் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.

ஷோரூமில் பர்வீன் என்ற பெண் எங்களைக் கவனித்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். ஏழு மாதமாக என் போன்களை எடுத்தவர் என்பதால் என்னைப் பார்த்ததும் லேசாகப் பெருமூச்சு விட்டார். டெஸ்ட் டிரைவுக்கென்றே அவர்கள் வைத்திருந்த வெள்ளைக் காரின் இரண்டு பக்கமும் "என்னை ஓட்டிப் பாருங்கள்" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது.

"பைபாஸ் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம் மேடம்."

"பாப்பாவுக்கு அரைமணி நேரம் கழிச்சுத்தான் வாந்தி வரும். அதுவரைக்கும் ஓட்டிப் பாக்கணுமே" என்றேன்.

(காரை விற்பவரிடம், அந்தக் காருக்குள் வாந்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொன்ன முதல் வாடிக்கையாளர் நானாகத்தான் இருப்பேன்.)

பர்வீன் யோசித்துவிட்டு, திருச்சி ரோட்டில் அய்யலூர் வரை போய்த் திரும்பலாம் என்று சம்மதித்தார். பின் இருக்கையில் இனியாவும், கன்னிவாடியிலிருந்து வந்திருந்த என் மாமியாரும். "பேத்தியப் பாத்துக்கிட நானும் வாரேன்" என்று அத்தை சொன்னபோது எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச் சந்தை என்பதும், குலசாமிக்கு நேர்ந்த கிடா ஒன்று பாக்கி இருப்பதும், அத்தையின் இடுப்பில் சுருக்குப் பை கனமாக இருந்ததும் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஒரே கவனம் பின்கண்ணாடியில் தெரிந்த இனியாவின் முகம்தான். மடியில் பாலித்தீன் பையோடு, ஸ்டியரிங்கைச் சுவரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அய்யலூர் வந்ததும் அத்தை, "செத்த நேரம் நிப்பாட்டுத்தா, டீத்தண்ணி குடிச்சுட்டு வந்துர்றேன்" என்று இறங்கினார். நாங்கள் டீயே குடித்து முடித்துவிட்டோம். அத்தையைக் காணோம். வந்தபோது கையில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு கறுப்புக் கிடா.

"கதவத் தொற."

"அத்த, இது நம்ம காரு இல்ல. டெஸ்ட் டிரைவு..."

"டெஸ்டுன்னா எல்லாத்தையும்தான டெஸ்ட் பண்ணணும்? நாளப்பின்ன ஆடு ஏத்தணும்னா என்ன செய்வ?"

நான் பர்வீனைப் பார்த்தேன். முடியாது என்று அவர் சொல்லட்டும். எத்தனை வருடமானாலும் மாமியாரிடம் அதைச் சொல்ல என்னால் முடியாது. பர்வீன் என்னைப் பார்த்தார். வாடிக்கையாளரின் மாமியாரிடம் மருமகள்தானே சொல்ல வேண்டும்? இப்படி நாங்கள் இருவரும் மரியாதையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே கதவு திறந்தது. கிடா ஏறி, இனியாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்தது. கதவு மூடியது.

"இதுவரைக்கும் டெஸ்ட் டிரைவ்ல ஆடு ஏறினதில்ல மேடம்" என்றார் பர்வீன், மிக மெல்லிய குரலில்.

மின்சாரக் காரில் இன்ஜின் சத்தம் கிடையாது. அதுதான் பெருமை என்று எல்லா விளம்பரத்திலும் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே ஓர் ஆடு கத்தினால் அது தெருவுக்கே கேட்கும் என்று யாரும் சொல்லவில்லை. வடமதுரைக்கு முன்னால் போலீஸ் வாகனச் சோதனை நடந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் ஊர்ந்து போன எங்கள் கார், ஏட்டையாவின் பக்கத்தில் வந்ததும் "மே..." என்றது.

அவர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். குனிந்து உள்ளே பார்த்தார். கிடாவும் அவரைப் பார்த்தது.

"எறங்குங்கம்மா. ஆடு களவாங்குறவங்க இப்பல்லாம் கார்லதான் வாராங்க. ராத்திரி கட்டியிருந்த ஆட்டக் காணோம்னு போன வாரங்கூட ஒரு கேசு."

"சார், நான் டீச்சர் சார்" என்றேன். குரல் ஆட்டைவிட நடுங்கியது.

"இது டெஸ்ட் டிரைவ் வண்டி சார், அதுலயே எழுதிருக்கு பாருங்க" என்றார் பர்வீன்.

ஏட்டையா எழுத்துக் கூட்டிப் படித்தார். "என்னை ஓட்டிப் பாருங்கள்னுதான எழுதிருக்கு. ஆட்ட ஓட்டிட்டுப் போங்கள்னா எழுதிருக்கு? சந்தையில சீட்டுக் குடுப்பாங்கள்ல, அதக் காட்டுங்க."

அத்தை கம்பீரமாகச் சுருக்குப் பையை அவிழ்த்தார். காணோம். இருக்கையில் தேடினார். அங்கேயும் காணோம். கிடாவின் வாயோரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது.

ஏட்டையா பெரியவர்களை நம்புவதை அதோடு நிறுத்திவிட்டு இனியாவிடம் குனிந்தார். "பாப்பா, நீ சொல்லுத்தா. இது யாரு ஆடு?"

என் மகள் பொய்யே சொல்ல மாட்டாள். "சாமி ஆடு" என்றாள்.

"கோயில் ஆட்டயா தூக்கிட்டு வாரீக?"

அத்தைக்குச் சாமி வராத குறைதான். "ஏலே, நேந்துக்கிட்ட ஆடுப்பா! எங்க கருப்பனுக்கு நேந்துக்கிட்டது! எங்காசு குடுத்து வாங்கினது!" என்று அவர் கத்த, கிடா கத்த, லாரிக்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் என் மாணவியின் அப்பா. (மறுநாள் வகுப்பில் அமில-காரப் பாடம் நடத்தியபோது பின்வரிசையில் யாரோ மெதுவாக "மே" என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.)

அத்தை வாங்கி வைத்திருந்த நம்பரில் ஆடு விற்றவருக்குப் போன் போட்டோம். சந்தை முடித்து வருகிறேன் என்றார். வேறு வழியில்லாமல் காருக்குள்ளேயே காத்திருந்தோம். வெயில் கொளுத்தியது. ஏசி ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஏட்டையா சந்தேகத்தோடு மறுபடி வந்தார்.

"இன்ஜின் ஓடல. ஏசி மட்டும் எப்புடி ஓடுது?"

சொன்னேன். அவர் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் குளிர்ச்சியை அனுபவித்தபடி, "மழைல ஷாக் அடிக்காதா?" என்றார். அதையும் சொன்னேன். வீட்டு பிளக்கில் போடலாமா, கரண்ட் பில் எகிறுமா, கொடைக்கானல் மலை ஏறுமா, இறங்கும்போது தானாகவே சார்ஜ் ஏறுமாமே, நிஜமா? ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஏழு மாதமாக நான் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த கேள்விகள்தானே! நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். பர்வீன் வாயைத் திறக்கவே நான் இடம் கொடுக்கவில்லை.

கடைசியாக ஏட்டையா குரலைத் தாழ்த்தினார். "எம்மச்சான் ஒருத்தன் பழசு வாங்கலாங்குறான். வாங்கலாமா, புதுசே நல்லதா?"

"புதுசு பழசுங்கிறது பெரிசில்ல சார். பேட்டரிய யாரு எப்படிப் பழக்கினாங்க, உத்தரவாதம் எம்புட்டு பாக்கி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன்.

சொல்லிவிட்டு நானே திகைத்துப் போனேன். ஏழு மாதமாகத் தேடிய பதில் என் வாயிலேயே இருந்திருக்கிறது. கேட்க ஒரு போலீஸ்காரர் வேண்டியிருந்திருக்கிறது.

அப்போதுதான் பின்கண்ணாடியைப் பார்த்தேன். இனியா கிடாவின் கழுத்தில் கையைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிளம்பி எவ்வளவோ நேரமாகிவிட்டது. என் மடியிலிருந்த பாலித்தீன் பை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அம்மா, பசிக்குது" என்றாள்.

வண்டிக்குள் இருந்துகொண்டு என் மகள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரோட்டோரத்தில், போலீஸ் பிடியில், ஆட்டு நாற்றத்துக்கு நடுவில் எனக்குக் கண் கலங்கியது. (ஏட்டையா நான் பயந்து அழுவதாக நினைத்து, "அழுவாதீக டீச்சர்" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.)

ஆடு விற்றவர் பைக்கில் வந்து இறங்கினார். "இந்த அம்மாவா களவாணி? இவங்கட்டப் பேரம் பேசியே என் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு சார். களவாங்குற ஆளு இம்புட்டுப் பேரம் பேசுமா?" என்றார். ஏட்டையாவுக்கு அது போதுமான சாட்சியாகப் பட்டது. விட்டுவிட்டார்.

ஷோரூமில் இறங்கியபோதுதான் மீதிக் கதை தெரிந்தது. போலீஸ் விசாரணையின்போது கிடா சும்மா இருக்கவில்லை. பின் இருக்கை பெல்ட் ஒன்று பாதிக்கு மேல் நைந்து தொங்கியது. கதவின் கைப்பிடியில் பல் தடம். இருக்கை நிறையப் புழுக்கை.

மேலாளர் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இனியாவைப் பார்த்தார். "பாப்பாவா மேடம் கடிச்சது?"

விளக்கினேன். அவர் முகம் மாறியது. "இத இனிமே யாருக்கு மேடம் டெஸ்ட் டிரைவ் குடுக்கறது? இதுக்கு நீங்கதான் பொறுப்பு."

வழக்கமாக அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டு, அழுது, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அன்று எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"இந்த டெஸ்ட் டிரைவ் வண்டியெல்லாம் கடைசில என்ன சார் செய்வீங்க?"

"புது மாடல் வந்ததும் பழைய காரா வித்துருவோம்."

"இதை இன்னைக்கே எனக்கு வித்துருங்க. பழைய கார் விலை. பேட்டரி உத்தரவாதத்துல பாக்கி இருக்கறது அப்படியே எம்பேருக்கு மாறணும், எழுத்துல. இதுக்குச் சார்ஜ் ஏத்தின விவரம் பூராவும் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும், அதையும் நான் பாக்கணும். பெல்ட்டு செலவு என்னோடது."

பர்வீன் என்னை வேற்று மனுஷியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மேலாளர் தயங்கினார். சோபாவில் சாய்ந்திருந்த அத்தை, "ஒத்துக்கிடுங்க தம்பி. எங்க மருமக கேட்க ஆரம்பிச்சா விடமாட்டா. ஏழு மாசமா நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

மேலாளர் இன்னும் தயங்கியிருப்பார். ஆனால் அந்த நேரம் ஒரு குடும்பம் தங்கள் புதுக் காரை எடுக்க வந்திருந்தது. மாலை போட்டு, ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்த அந்தக் காரை எங்கள் கிடா நெருங்கி, மாலையின் ஒரு நுனியிலிருந்து சாப்பிட ஆரம்பித்திருந்தது.

"சரி மேடம், சரி! எல்லாத்துக்கும் சரி! மொதல்ல ஆட்டப் பிடிங்க!"

சரவணனுக்குப் போன் செய்தேன். "முடிவு பண்ணிட்டேங்க."

"அப்பாடா! புதுசா, பழசா?"

"ரெண்டும் இல்ல."

"மறுபடி மொதல்லருந்தா?" என்றார் பாவம்.

கார் வீட்டுக்கு வந்த அன்று எனக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டாள். அன்றைக்கு வாந்தி வராமல் போனது காராலா, கிடாவாலா? ஆடு பக்கத்தில் இல்லாவிட்டால்? திங்கட்கிழமை காலை, புது பெல்ட் போட்ட இருக்கையில் இனியாவை உட்காரவைத்து, தனியாக வத்தலக்குண்டுக்கு ஓட்டினேன். செம்பட்டி நெருங்கியபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். செம்பட்டி வந்தது. செம்பட்டி போனது. பின்னாலிருந்து குரல் வந்தது: "அம்மா, இட்லி இருக்கா?"

ஓரமாக நிறுத்தி என் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஊட்டினேன். அன்று மதியம் நான் பட்டினி. அந்தப் பசி அவ்வளவு ருசியாக இருந்தது.

கிடாவின் கதை? அடுத்த மாதம் கோயிலுக்கு அதே காரில்தான் அழைத்துப்போனோம். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். எல்லோரும் காத்திருந்தோம். கிடா இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் பார்த்தது. சிலிர்க்கவில்லை. குடம் குடமாக ஊற்றியும் சிலிர்க்கவில்லை. சாமிக்கு இஷ்டமில்லை என்று பூசாரி விட்டுவிட்டார். அது இப்போது கன்னிவாடியில் அத்தையின் தென்னந்தோப்பில் கொழுத்துத் திரிகிறது.

ஃபிரிட்ஜ் வாங்கினாலும் புடவை எடுத்தாலும் எங்கள் வீட்டில் இப்போது கேட்கப்படும் முதல் கேள்வி, "ஆட்ட விட்டுப் பாத்தாச்சா?" என்பதுதான். கல்யாண வீடுகளில் சரவணன் சொல்லும் கதைக்கும் முடிவு மாறிவிட்டது.

"முடிவெடுக்கத் தெரியாத ஜீவன் எங்க குடும்பத்துல இப்ப ஒண்ணே ஒண்ணுதாங்க" என்று நிறுத்துவார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"அது தோப்புல மேஞ்சுக்கிட்டிருக்கு" என்பார்.