ராமலிங்கத்தைத் தேடிய கதை

ஒருவன் செருப்பைக் கழற்றிவிடுகிற விதத்தை வைத்தே அவன் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் அளந்துகொண்டிருந்தவன் நான். (ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கும் ஏதாவது ஒரு பெருமை வேண்டாமா?) அதை நம்பித்தான் அக்கா, தன் மகள் சுமதிக்கு வந்த வரனை விசாரிக்க என்னை நெய்வேலிக்கு அனுப்பினாள்.

"தாய்மாமன் நீதான்டா. பையன் நல்லவன்னு நீ சொன்னாத்தான் தட்டு மாத்துவேன்."

பையன் பெயர் குமரன். சுரங்கத்தில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸில் அம்மாவோடு இருந்தான். விசாரிப்பதென்றால் அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் பேச வேண்டும். எனக்கோ பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எதிரே வேப்பமரத்தடியில் நின்று, அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்காகக் காத்திருந்தேன். நிற்க முடியவில்லை. நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் கொடியில் கிடந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டாள். (என் குணத்தை அவள் கணித்துவிட்டாள்.)

தோளில் ஒரு கை விழுந்தது. போட்டோவில் பார்த்த குமரனேதான்!

"யாரைங்க தேடறீங்க? ரொம்ப நேரமா நடந்துகினே இருக்கீங்க?"

"ராமலிங்கம்" என்றேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததோ!

"வள்ளலார் இருந்த வடலூர் பக்கத்துல வந்து மொட்டையா ராமலிங்கம்னா எப்படிங்க? இந்த பிளாக்லயே மூணு பேரு. வண்டில ஏறுங்க."

முதல் ராமலிங்கம் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. இரண்டாமவர் சோப்பு நுரையோடு வந்தார். மூன்றாமவர் என்னைத் தூரத்து உறவு என்றே முடிவுகட்டி டீ கொடுத்தார். "இவரா?" "இல்லைங்க." குமரன் முகம் சுளிக்கவில்லை. "அடுத்த பிளாக்ல ரெண்டு பேரு இருக்காங்க, பாத்துடலாம்."

ஐந்தாவது ராமலிங்கம் வீட்டுக்குள் உட்காரவைத்து, என் ஊரைக் கேட்டார். வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்து ஓடியவன், பஸ் ஸ்டாண்டில்தான் காலைப் பார்த்தேன். வெறுங்கால்.

"தங்கமான பையன்" என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

பெண் பார்க்க வந்த அன்று நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். குமரன் நேராக என்னிடம் வந்து ஒரு மஞ்சள் பையை நீட்டினான். உள்ளே என் செருப்பு.

"ராமலிங்கம் கெடச்சாருங்களா?"

அக்கா என்னை முறைத்தாள். உளறலாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

குமரனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியாத குடும்பம். தட்ட எடுங்க!"

சுமதியின் மகனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் விளையாடப் போய் இருட்டும்வரை வராவிட்டால் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். முதலில் வாயைத் திறப்பவன் குமரன்.

"மாமா, ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே. போய்த் தேடிக்கினு வாங்க."