பவுனம்மா அடித்த சொல்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தக் காட்டில் ஓர் அலுவலகமும் இருந்தது என்பதுதான் விசேஷம். ஆற்றங்கரையில், பெரிய பாறையின் அடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் பரசுராமன் என்கிற கொக்குதான் குமாஸ்தா. மணிக்கணக்காக நிற்கத் தெரியும் என்பதால் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. வரிசையில் நிற்பவர்கள் கால் வலிக்கிறது என்று முனகினால், "உங்களுக்கு நாலு கால். நான் ஒத்தைக் கால்ல நிக்கிறேன்" என்பார். அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை.

அந்த வருஷம் ஏழு காட்டு ராஜாக்களின் மாநாடு ஒன்று வருவதாக இருந்தது. அங்கே இங்கிலீஷில்தான் பேச வேண்டுமாம். கேள்விப்பட்டதும் நம் ராஜா ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் காட்டில் எந்தப் படிவமானாலும் அதிலுள்ள முக்கியமான சொல் இங்கிலீஷில் இருக்க வேண்டும். முக்கியமில்லாத சொற்கள் தமிழிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். ஆகவே காட்டில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது, முக்கியமானதைத் தவிர.

பவுனம்மா என்று ஒரு முயல். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஈச்சம்புதரில் நாலு குட்டிகளோடு குடியிருந்தாள். யார் வம்புக்கும் போகமாட்டாள். ஆனால் எங்கே என்ன வம்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காது அவ்வளவு நீளம்.

ஒருநாள் மத்தியானம் சுனைப் பக்கம் அருகம்புல் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று மேயப் போனாள். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக் குரல் வந்தது. அவள் பாட்டுக்குப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பெண்குரல் மிக மரியாதையாக, "தவறான விடை. மீண்டும் முயலுங்கள்" என்றது.

பவுனம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முயல் என்று தன் இனத்தின் பெயரைச் சொல்லி, அதுவும் 'ங்கள்' போட்டு, இதுவரை யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. இரண்டு காதுகளையும் அந்தப் பக்கமாகத் திருப்பினாள்.

"டொய்ங்" என்று ஒரு சத்தம். "தவறான விடை. மீண்டும் முயலுங்கள்."

மெல்ல நகர்ந்து போய் எட்டிப் பார்த்தாள். சுற்றுலா வந்த யாரோ தவறவிட்ட கைபேசி ஒன்றைப் பாறையில் சாய்த்து வைத்துக்கொண்டு ராஜா உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஹியர், லிசன் என்ற இரண்டு சொற்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராஜா ஹியர் என்றார். டொய்ங். லிசன் என்றார். அதற்குள் கேள்வி மாறிவிட்டது. டொய்ங். பதினாலாவது டொய்ங்குக்கு ராஜாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. முன்னங்காலால் துடைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தியபோது, புல்லுக்கு மேலே இரண்டு நீளமான காதுகள் தெரிந்தன.

பவுனம்மா பாய்ந்து ஓடி வீடு வந்து சேர்ந்தாள். உயிர் தப்பியது என்று நினைத்தாள். மறுநாள் காலையில் பரசுராமனே நேரில் வந்து ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

'மேற்படி நாளன்று ராஜாவின் அந்தரங்கப் பேச்சை மேற்படி முயல் ஹியர் செய்தாரா, லிசன் செய்தாரா? பொருந்தாததை அடிக்கவும். தற்செயலாகக் கேட்டவருக்கு எச்சரிக்கை. வேண்டுமென்றே கேட்டவர் ராஜாவின் மதிய உணவுக்கு வர வேண்டும். பொய் எழுதியவர் இரவு உணவுக்கு வர வேண்டும். குறிப்பு: மேற்படி முயலின் இரு காதுகளும் ராஜா இருந்த திசையில் திரும்பியிருந்ததை ராஜாவே பார்த்தார்.'

பவுனம்மா இரண்டு தரம் படித்தாள்.

"மதிய உணவுக்குன்னா, சாப்பிடவா ஐயா?"

"யாரு சாப்பிடன்னு அதுல போடலை" என்றார் பரசுராமன்.

"சரி, ஹியருக்கும் லிசனுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரெண்டுமே கேட்கிறதுதாம்மா."

"அப்புறம் எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணை அடிக்கிறதுக்கு." பரசுராமன் காலை மாற்றி நின்றார். "ஆனா அடிக்கிறதுன்னா கோடு போடறது. போன மாசம் ஒரு காட்டுப்பன்றி இதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, தனக்குப் பொருந்தாத பக்கத்து வீட்டுப் பன்றியை அடிச்சுட்டு வந்து நின்னுது. மூணு நாள் டைம் இருக்கு. வர்றேன்."

பவுனம்மா அன்றைக்கே ஞானாம்பிகை டீச்சரைத் தேடிப் போனாள். டீச்சர் ஒரு மைனா. டவுனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தரும் இடத்தின் ஜன்னலில் ஆறு வருஷம் கூடு கட்டி இருந்தவர். உத்தரவு வந்ததிலிருந்து அத்திமரத்தடியில் வகுப்பு நடத்துகிறார். ஒரே பொருள் மாதிரித் தெரியும் சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை.

பவுனம்மா போனபோது ஒரு காட்டெருமை சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஸ்லீப்புக்கும் ரெஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கண்ணை மூடினா ஸ்லீப். கண்ணை மூடிக்கிட்டு, நான் தூங்கலைன்னு சொன்னா ரெஸ்ட்."

"ஷேடுக்கும் ஷேடோவுக்கும்?"

"மரத்துக்கடியில போய் ஒதுங்குறியே, அந்த நிழல் ஷேடு. நீ எங்க போனாலும் கூடவே வருதே, அது ஷேடோ. வெயில்ல நிக்கிற உனக்கு ஷேடோ இருக்கும், ஷேடு இருக்காது."

காட்டெருமை தன் நிழலைத் திரும்பிப் பார்த்து, இத்தனை நாள் இதில் போய் ஒதுங்கப் பார்த்தோமே என்பது போலத் தலையை ஆட்டியது.

பவுனம்மா படிவத்தை நீட்டினாள். டீச்சர் அலகைச் சாய்த்து வைத்துப் படித்தார்.

"இது சுலபம். காதுல தானா விழுந்தா ஹியர். காது கொடுத்துக் கேட்டா லிசன்."

பவுனம்மா படிவத்தை மறுபடி ஒரு தரம் பார்த்தாள். "அவ்வளவுதானா டீச்சர்? இதைத்தானே நாமளும் சொல்றோம். காதுல விழுந்துச்சு, காது கொடுத்துக் கேட்டேன்னு."

"அவ்வளவுதான். அவங்க ஒரே சொல்லா வச்சிருக்காங்க. சரி, நீ என்ன பண்ணினே, உண்மையைச் சொல்லு."

"முதல்ல ஏதோ பேச்சுக் குரல் காதுல விழுந்துச்சு."

"ஹியர்."

"அப்புறம் முயலுங்கள்னு காதுல விழுந்துச்சு."

"அதுவும் ஹியர்தான்."

"மரியாதையாக் கூப்பிடறாங்களேன்னு காதைத் திருப்பினேன். கிட்டப் போய்ப் பதினாலு வரைக்கும் எண்ணினேன்."

டீச்சர் இறக்கையைக் கோதிக்கொண்டார். "அது சந்தேகமே இல்லாம லிசன். உன்னைப் போல ஒளிஞ்சிருந்து கேட்கிறதுக்குன்னே தனியா இன்னொரு சொல்லும் இருக்கு, சொல்லவா?"

"வேண்டாம் டீச்சர். இருக்கிற ரெண்டே போதும்."

மூன்று நாளும் பவுனம்மாவுக்குப் புல் இறங்கவில்லை. ஹியரை விட்டுவிட்டு லிசனை அடித்தால் எச்சரிக்கையோடு போகும். ஆனால் காது திரும்பியதை ராஜாவே பார்த்திருக்கிறார். பொய் என்று தெரிந்தால் இரவு உணவு. ஹியரை அடித்தால் அது உண்மை, மதிய உணவு. நடுவில் ஏழெட்டு மணி நேரம் கூடுதலாக உயிரோடு இருக்கலாம் என்பதற்காகப் பொய் சொல்வதா என்று யோசித்தாள். கடைசியில், எப்படியும் போகப் போகிற உயிர், குட்டிகள் தன்னைப் பொய்க்காரி என்று நினைக்க வேண்டாம் என்று முடிவு செய்து ஹியர் மேல் கோடு போட்டாள். குட்டிகள் நாலையும் கூப்பிட்டு எந்த மேட்டில் எந்த மாதம் புல் நன்றாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

பெரிய பாறைக்கு முன்னால் கூட்டம் நிறைந்திருந்தது. விசாரணைக்கு இங்கிலீஷில் ஹியரிங் என்று பெயராம். அந்தப் பெயரில் இதுதான் முதல் விசாரணை என்பதால் காடே பார்க்க வந்திருந்தது. ஞானாம்பிகை டீச்சர் ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தார். ராஜா பாறை மேல் இருந்தார். பசியோடு இருந்தார் என்பது வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது.

பரசுராமன் படிவத்தை வாங்கிப் படித்தார். "மேற்படி முயல் ஹியரை அடித்திருக்கிறார். மிச்சம் இருப்பது லிசன்." ராஜா பக்கம் திரும்பினார். "ராஜா, லிசன் என்பது தற்செயலா, வேண்டுமென்றேயா? அதற்குத் தகுந்த மாதிரிதான் தண்டனை எழுத வேண்டும்."

கூட்டம் மொத்தமும் ராஜாவைப் பார்த்தது.

ராஜா வானத்தைப் பார்த்தார். பிறகு தன் நகங்களைப் பார்த்தார். பவுனம்மா அவர் கண்களைப் பார்த்தாள். அதில் மெதுவாகத் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது. காட்டுக்கே இங்கிலீஷ் உத்தரவு போட்ட ராஜாவுக்கு முதல் பாடத்தின் முதல் இரண்டு சொற்கள் தெரியாது. அது இந்தக் கூட்டத்தில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. படிவத்தில் எழுதியது உண்மை. அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று படிவத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"ராஜா" என்றாள். "என் குரல் சின்னக் குரல். ஒரு விண்ணப்பம் இருக்கு. கிட்ட வந்து சொல்லலாமா?"

ராஜா தலையாட்டினார். பவுனம்மா பாறை மேல் ஏறி அவர் பிடரி மயிரை விலக்கிக் காதோரம் போனாள். வாழ்நாளில் அவ்வளவு பக்கத்தில் சிங்கத்தின் பல்லை அவள் பார்த்ததில்லை.

"ராஜாவுக்குத் தெரியாதது இல்ல. வேலை மும்முரத்துல மறந்திருக்கும். காதுல தானா விழறது லிசன். காது கொடுத்துக் கேட்கிறது ஹியர்."

"நிச்சயமா?" என்று ராஜா உதடு அசையாமல் கேட்டார்.

"இதுக்குன்னே டீச்சர்கிட்ட போய்ப் படிச்சேன் ராஜா."

அது உண்மைதான்.

ராஜா எழுந்து நின்றார். பிடரியைச் சிலிர்த்துக்கொண்டார். "குடிமக்களே, கேளுங்கள்" என்று ஆரம்பித்தார். எந்தக் கேட்பது என்று கூட்டத்துக்குச் சந்தேகம் வந்ததால் எல்லோரும் இரண்டு விதமாகவும் கேட்டார்கள். "லிசன் என்றால் காதில் தானாக விழுவது. ஹியர் என்றால் காது கொடுத்துக் கேட்பது. இது தெரியாமலா நான் உத்தரவு போட்டேன்? இந்த முயல் லிசன் மட்டுமே செய்திருக்கிறாள். காது திரும்பியது அவள் காதின் நீளத்தால். எச்சரித்து விடுகிறேன்."

கிளையில் டீச்சருக்குச் சிறகெல்லாம் குத்திட்டு நின்றது. "ராஜா, அது தலைகீழா..."

பரசுராமன் பேனாவை எடுத்தார். "டீச்சரம்மா, ராஜா சொன்னது எர்ரர் என்கிறீர்களா, மிஸ்டேக் என்கிறீர்களா? குறித்துக்கொள்ள வேண்டும்."

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டீச்சருக்குத் தெளிவாகத் தெரியும். ராஜாவின் வயிறு காலியாக இருப்பதும் தெளிவாகத் தெரிந்தது.

"இங்கிலாந்துல ஒரு வழக்கு, அமெரிக்காவுல ஒரு வழக்கு" என்றார். "ராஜா சொன்னது நம்ம காட்டு வழக்கு. ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

அன்று சாயங்காலம் ராஜா புதுத் தெம்போடு கைபேசியில் அதே பாடத்தைத் திரும்பப் போட்டார். டொய்ங் என்றது. இத்தனை நாள் தப்பு யார் மேல் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கைபேசியை ஆற்றில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஹியர் என்றால் காது கொடுத்துக் கேட்பது என்று ராஜாவே சொல்லிவிட்டதால், ஹியரிங் என்ற பெயரில் நடக்கும் விசாரணையில் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும் என்று பரசுராமன் விதிப் புத்தகத்தில் எழுதி வைத்தார். முன்பெல்லாம் குறை சொல்ல வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராஜா கொட்டாவி விடுவார். இப்போது கண்ணை மூடினால், "ராஜா, இது ஹியரிங்" என்று கொக்கு நினைவூட்டியது. மூன்று வருஷமாகத் தன் புற்றை யானை மிதிக்கிறது என்று மனுக் கொடுத்துக்கொண்டிருந்த எறும்பு ஒன்றுக்கு ஒரே வாரத்தில் தீர்வு கிடைத்தது. யானையை வேறு பாதையில் போகச் சொன்னார்கள். இது இவ்வளவு சின்ன விஷயமா என்று ராஜாவே ஆச்சரியப்பட்டார்.

ஒருநாள் அத்திமரப் பக்கம் பவுனம்மா போனபோது டீச்சர் கூப்பிட்டார்.

"உனக்குச் சொல்லிக் கொடுத்ததை இப்படித் தலைகீழாக்கிட்டியே. டவுன்லேர்ந்து யாராவது வந்து பேசினா நம்ம மானம் என்ன ஆகும்?"

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்" என்றாள் பவுனம்மா. "தலைகீழாக்கணும்னாலும் நேரா எதுன்னு முதல்ல தெரிஞ்சிருக்கணுமில்ல. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

யோசித்துப் பார்த்தால் டீச்சருக்கும் குறை ஒன்றும் இல்லை. காட்டு வழக்கு தனி, டவுன் வழக்கு தனி என்று ஆனதிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் நடத்த வேண்டியிருக்கிறது. அத்திமரத்தடியில் உட்கார இடமில்லை. காட்டெருமை இரண்டு வகுப்பிலும் சேர்ந்துவிட்டது.

நீதி: உயிரே போனாலும் படிவத்தில் பொய் எழுதாதே, அகராதியை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்.